சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரம், அண்ணனுக்கு நூறு கஜம்

போன பதிவின் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார்: "சென்னையிலிருந்து சிங்கப்பூர் எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?" அடுத்த மாதம் முதல் தடவையாகப் போகிறாராம். பதில் ஒரே வரிதான். ஆகாய வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர். நேராகப் போகும் விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். இத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இதே ஒரு வரியை நம்பித்தான் 1973-ல் எங்கள் வீட்டில் பெரிய தப்பு ஒன்று நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் எடுத்து வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள், உங்களுக்கும் உதவும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வீடு தண்டையார்பேட்டையில். என் கணவர் பூபாலன் எர்ணாவூர்க்காரர். சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டர். கல்யாணமான இரண்டாம் வாரமே அவர் கிளம்பிவிட்டார். என் பாஸ்போர்ட்டும் மற்றக் காகிதங்களும் வந்து சேரப் பதினோரு மாதம் ஆயிற்று. எல்லாரையும்போலக் கப்பலில்தான் போவதாக இருந்தேன். அப்போது அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. என் அண்ணன் வேலை செய்யும் சரக்குக் கப்பல் அடுத்த மாதம் இரண்டாவது வியாழக்கிழமை சிங்கப்பூரில் நிற்கும், அன்று இரவே கிளம்பிவிடும், அதற்கடுத்த துறைமுகத்தில் அண்ணன் மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறான் என்று எழுதியிருந்தார். "அவனைப் பார்த்துப் பேச வேண்டுமென்றால் அன்றைக்கு விமானத்தில் வந்து சேர். டிக்கெட்டுக்கு இங்கிருந்தே பணம் கட்டிவிட்டேன்."

அண்ணன் தேசப்பன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் நைனா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். நாலு பேரிடம் கெஞ்சிக் கூத்தாடி, திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் அண்ணனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். எட்டே மாதம். அண்ணன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலையை விட்டுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டான். நைனாவுக்கு அது முதல் அடி. மூன்று வருடம் கழித்து அம்மா இறந்தார். அன்றைக்கு அண்ணன் கப்பல் நின்றது சிங்கப்பூரில். தந்தி கொடுத்தோம். அவன் வரவில்லை. நைனா அவன் பெயரை வீட்டில் சொல்லக் கூடாது என்றுவிட்டார்.

இதில் நானும் ஒரு கைங்கரியம் செய்தேன். மனசு கேட்காமல், "நைனா உன்னை வரச் சொல்றாரு" என்று அண்ணனுக்கு நானாகவே ஒரு கடிதம் எழுதினேன். சுத்தப் பொய். அதை நம்பி அடுத்த வருடம் பெட்டியோடு வந்து நின்றான். நைனா அவனைப் பார்த்தார், உள்ளே வந்தார், கதவைச் சாத்தினார். பின்பக்கமாக ஓடித் தெருமுனையில் அவனைப் பிடித்தேன்.

"கன்னி, இனிமே நீ எழுதினா நான் படிக்க மாட்டேன்" என்றான். என் முழுப்பெயர் கன்னியம்மா. "நைனா கூப்ட்டா வரேன். நீ கூப்ட்டா வர மாட்டேன்."

சொன்னபடியே நடந்தான். அதற்குப் பிறகு நான் எழுதிய எதற்கும் பதில் இல்லை. கப்பல் சிங்கப்பூருக்கு வந்தால் பூபாலனை மட்டும் பார்த்துவிட்டுப் போவான்.

டிக்கெட் வாங்க மவுண்ட் ரோட்டில் இருந்த ஏஜென்ட் அலுவலகத்துக்கு நைனாவும் நானும் போனோம். தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். குமாஸ்தா டிக்கெட்டை நீட்டி, "காலையில் பத்து மணிக்குக் கிளம்பும், நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர்" என்றார்.

"இன்னாது, நாலு மணி நேரமா?" என்று கேட்டார் நைனா. அவர் அறிந்த சிங்கப்பூர், கப்பலில் ஆறேழு நாள் தள்ளி இருக்கும் ஊர். அவர் சரக்கேற்றிய கப்பல்கள் அப்படித்தான் போய் வந்தன.

பாரிமுனையில் திரும்பப் பஸ்ஸுக்கு நின்றபோது வெடித்தார். "நாலு மணி நேரத்துல வர்ற ஊருல குந்திகினு, பெத்தவ மொகத்தப் பாக்க வரலியே அவன்! ஏழு நாள் ஆவும், பாவம், எப்டி வருவான்னு நானு மன்ச தேத்திகினு இருந்தேன்."

அம்மா விஷயத்தில் அவர் உள்ளுக்குள் அண்ணனை மன்னித்து வைத்திருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்த அதே நிமிடம் அது போகவும் போயிற்று. எனக்கு அழுகை வந்தது. பையிலிருந்த டிக்கெட்டை எடுத்து நீட்டினேன்.

"இத்தப் பாரு நைனா. இன்னா வெலன்னு பாத்தியா?"

எழுத்துதான் அவருக்கு வராது, எண் நன்றாக வரும். பார்த்தார். அதில் இருந்தது அவருடைய ஏழு மாதச் சம்பளம். பஸ்ஸில் ஏறினோம். ராயபுரம் தாண்டியதும் சன்னல் பக்கம் பார்த்தபடியே, "அவன் கைல ஏது அம்மாந் துட்டு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தூரம் என்பதை மைலில் அளக்கலாம், மணியில் அளக்கலாம். எங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளத்தில் அளந்தால்தான் சரியாக வரும் என்று எனக்குத் தோன்றியது.

இனித் தப்புக்கு வருகிறேன். நான் வந்து சேரும் நேரத்தைச் சிங்கப்பூருக்குத் தந்தியில் சொல்ல வேண்டும். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் மட்டும்தான் இருந்தது. பத்தும் நாலும் பதினாலு, அதாவது மதியம் இரண்டு என்றார் நைனா. எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். வேறு தேசத்தில் மணி வேறாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். பக்கத்து வீட்டு ஜோசப் அண்ணனைக் கூப்பிட்டோம். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர், இருபது வருடம் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். எங்கள் தெருவில் கடல் தாண்டிய விஷயம் எதுவானாலும் அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

"மாறும், ஆனா ராத்திரிலதான் மாறும்" என்றார் ஜோசப் அண்ணன். "சிங்கப்பூர் போற கப்பல்ல ராத்திரிக்கு இருவது நிமிசம் கடியாரத்த முன்னால தள்ளி வெப்பாங்கோ. ஆறு ராத்திரிக்கு ரெண்டு மணி நேரம். நீ பகல்ல ஏறி பகல்ல எறங்குற. ஒரு ராத்திரி கூட தங்காதவளுக்கு மணி எங்கேந்து மாறும்?"

"அதானே" என்றார் நைனா. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. இரண்டு மணி நேரம் என்ற சரியான கணக்கு அவர் வாயாலேயே வந்தது. கேட்டுக்கொண்டிருந்த மூன்று பேருக்கும் உறைக்கவில்லை. துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்த எங்களுக்கு, மணி என்பது கப்பலில் ஒரு ஆள் வந்து மாற்றி வைக்கும் பொருள். அது ஊருக்கு ஊர் தானாகவே வேறாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. "வியாழன் மதியம் இரண்டு மணிக்கு வருகிறேன்" என்று தந்தி போயிற்று.

கிளம்பிய அன்று காலை ஆறரைக்கு டாக்ஸி. தண்டையார்பேட்டையிலிருந்து ராயபுரம், துறைமுக மதில் ஓரமாகவே பாரிமுனை, மவுண்ட் ரோடு, கிண்டி, மீனம்பாக்கம். இருபத்து நாலு கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம். இன்றைக்கு அதே வழியில் போகிறவர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவீர்கள். டாக்ஸிக்காரர் நைனாவிடம், "பொண்ணு எங்க போவுது?" என்று கேட்டார். "சிங்கப்பூரு." "எம்மா நேரம்?" "நாலு மணி நேரம். மதியம் ரெண்டுக்குப் பூடும்" என்றார் நைனா, ஏதோ தானே ஓட்டிப் போகிறவர் மாதிரி.

விமான நிலைய வாசலில் பெட்டியை இறக்கி வைத்தபின், தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து என்னிடம் நீட்டினார். நீலக்கட்டம் போட்டது. பீடி நெருப்புப் பட்ட ஓட்டை ஒரு மூலையில் இருக்கும். அதை அம்மா சிவப்பு நூலால் தைத்திருந்தார். நைனா அதை வேறு யாரையும் தொட விட்டதில்லை.

"இத்த அவன் கைல குடு."

"இன்னா சொல்லணும் நைனா?"

"ஒண்ணியும் சொல்லாத. குடு. அவனுக்குத் தெரியும்."

எனக்கும் தெரியும். நாங்கள் தண்டையார்பேட்டைக்கு வருவதற்கு முன் காத்திவாக்கத்தில் மீன்பிடித்த குடும்பம். கட்டுமரங்கள் கடலில் இருக்கும்போது காற்று திரும்பினால், கரையிலிருந்து கத்திப் பயனில்லை. குரல் போய்ச் சேராது. துண்டை வீசித்தான் கூப்பிடுவார்கள். கரையில் பத்துப் பேர் வீசினால் யாருடைய ஆளை யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரிய வேண்டுமே. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வீச்சு இருந்தது. எங்கள் நைனாவுடையது தலைக்குமேல் இரண்டு சுற்று, பிறகு இடப்பக்கம் முழங்கால் வரை ஒரே இறக்கு. சின்ன வயதில் அண்ணன் சித்தப்பாவோடு கட்டுமரத்தில் போய்வந்த நாட்களில், அந்த வீச்சைப் பார்த்துவிட்டால் துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கிக் காட்டுவான். பார்த்துவிட்டேன், வருகிறேன் என்று அர்த்தம். இதையெல்லாம் அந்த வாசலில் நைனாவிடம் பேசும் தைரியம் எனக்கு இல்லை. துண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அண்ணன் என் கடிதத்தைத்தான் நம்ப மாட்டான், இந்தத் துண்டை நம்பியாக வேண்டும் என்று எனக்குள் ஒரே சந்தோஷம்.

விமானம் பத்து அடித்து ஐந்து நிமிடத்தில் கிளம்பியது. முதல் கால் மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு சன்னலில் கடல் தெரிந்தது. பிறந்ததிலிருந்து கரையில் நின்றே பார்த்த கடல். நைனா வாழ்நாள் முழுக்கப் பெட்டிகளைத் தூக்கி அனுப்பியும் அக்கரை பார்க்காத கடல். அதன்மேல் நான் காலை நீட்டி உட்கார்ந்து ஆரஞ்சுச் சாறு குடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

இறங்குவதற்கு முன்னால் ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் தன் கைக்கடிகாரத்தைத் திருகினார். சாவி கொடுக்கிறார் என்று நினைத்து நானும் என்னுடையதற்குச் சாவி கொடுத்தேன். பாய லேபார் விமான நிலையத்தில் சக்கரம் தரையைத் தொட்டபோது என் கடிகாரத்தில் மணி இரண்டு அடித்து மூன்று நிமிடம். சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டோமே என்று எனக்கே என்னைப் பற்றிப் பெருமை.

முத்திரை குத்தி, பெட்டியைத் தேடி வெளியே வந்தபோது என் கணக்கில் இரண்டரை. பூபாலன் மட்டும் நின்றுகொண்டிருந்தார். பதினோரு மாதம் கழித்துப் பார்க்கும் புருஷன். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "அண்ணன் எங்க?"

"இப்பத்தான் பூட்டான். கால் மணி நேரம் ஆவுது. ரெண்டு மணிலேந்து நின்னுகினு இருந்தோம். இங்க வந்து போர்டப் பாத்தா நாலு மணின்னு போட்டிருக்கான். நீ இன்னா ரெண்டுன்னு தந்தி குடுத்துட்ட?"

"இப்ப மணி ரெண்டரைதானே?"

அவர் தன் கடிகாரத்தைக் காட்டினார். நாலரை.

மீதியை டாக்ஸியில் ஏறிய பிறகு சொன்னார். கப்பலிலிருந்து கரைக்கு வர அண்ணனுக்கு மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை, அல்லது மூன்றிலிருந்து ஏழு வரை என்று இரண்டில் ஒரு அனுமதி கிடைக்கும். இரண்டு மணி என்ற தந்தியை நம்பி முதலாவதைக் கேட்டு வாங்கியிருக்கிறான். ஐந்து மணிக்குப் படகுத்துறையிலிருந்து கப்பலுக்குப் போகும் விசைப்படகில் ஏறியாக வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும்.

"பார்வையாளர் மாடில நின்னு நீ எறங்கறதப் பாத்தான். பச்சைப் பொடவ, அதான் கன்னின்னு கைய நீட்டினான். அப்பால பஸ்ஸப் பிடிக்க ஓடிட்டான்" என்றார்.

நான் கட்டியிருந்தது பச்சைப் புடவைதான். அவன் என்னைப் பார்த்திருக்கிறான். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெருமையோடு கடிகாரத்தைப் பார்த்தபடி படியிறங்கி வந்திருக்கிறேன்.

விமான நிலையத்திலிருந்து கிளிஃபர்ட் படகுத்துறை பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். டாக்ஸிக்காரர் ஒரு சீனக் கிழவர். பூபாலன் மலாய் மொழியில் விஷயத்தைச் சொன்னதும், மனுஷர் சந்து சந்தாகப் புகுந்து போனார். இறக்கிவிட்டபோது ஐந்து அடித்து ஒரு நிமிடம் ஆகிவிட்டது. கட்டணம் ஐந்து வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். மீதிச் சில்லறை வாங்க நாங்கள் நிற்கவில்லை.

துறைக்குள் ஓடினோம். கடலில் இருபது முப்பது கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. படிக்கட்டின் கீழே படகு எதுவும் இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு விசைப்படகு போய்க்கொண்டிருந்தது, பின்பக்கத்தில் ஏழெட்டு ஆட்கள். பூபாலன் கை காட்டினார். "அதோ, வெள்ள சட்ட."

நூறு கஜம் இருக்கும். சென்னையிலிருந்து 2,900 கிலோமீட்டரைத் தாண்டி வந்தாயிற்று, இந்த நூறு கஜத்தைத் தாண்ட வழியில்லை. "அண்ணே!" என்று கத்தினேன். இயந்திரச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பூபாலனும் கத்தினார். வெள்ளைச் சட்டை கப்பல்களின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நிமிடம் போனால் அடையாளமே தெரியாது. மூன்று வருட ஒப்பந்தம். அதற்குள் நைனாவுக்கு என்ன ஆகுமோ, மனசு மாறுமோ, யார் கண்டது.

கைப்பையைத் திறந்து துண்டை எடுத்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று ஓரத்துக் கட்டையின்மேல் ஏறினேன். தலைக்குமேல் இரண்டு சுற்று, இடப்பக்கம் முழங்கால் வரை ஒரே இறக்கு. மறுபடியும். மறுபடியும். எத்தனை தடவை என்று தெரியாது, தோள் விட்டுப்போகிற மாதிரி இருந்தது. அவனுக்குப் பக்கத்தில் இருந்த யாரோ என்னைப் பார்த்துச் சிரித்து, அவன் தோளைத் தட்டிக் காட்டினார்கள்.

அவன் திரும்பினான். எழுந்து நின்றான். நான் இன்னொரு தடவை வீசினேன். நீலக்கட்டம் தெரியட்டும் என்று இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். அதற்குப் பிறகு அவன் செய்ததை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். படகைக் கரையோடு இழுத்துக் கட்டுவதற்காகக் கொக்கி போட்ட நீளமான கழி ஒன்று அங்கே கிடந்தது. படகுக்காரர் ஏதோ கத்தக் கத்த அதைப் பிடுங்கி, இரண்டு கையாலும் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தான். படகு கப்பல்களுக்கு நடுவே மறையும் வரை இறக்கவில்லை.

நான் அந்தக் கட்டையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பூபாலன் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டு, "சிங்கப்பூர் எப்டி கீது?" என்று கேட்டார்.

அன்றைக்கே நைனாவுக்குக் கடிதம் எழுதினேன். மணி மாறிய கதை, தந்தியால் வந்த வினை, துண்டைக் கையில் கொடுக்க முடியாமல் போனது, எல்லாம் மூன்று பக்கம். துண்டை வீசியதை எழுதினேன். அழுதுகொண்டே எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. ஜோசப் அண்ணன் கையெழுத்தில் பதில் வந்தது: "துண்டு உன்கிட்டயே இருக்கட்டும். துடுப்பைத் தூக்கினானா இல்லையா, அதை மட்டும் எழுதச் சொல்கிறார் உன் நைனா." கடிதம் போய்ச் சேரும் வரை பொறுக்க எனக்கு மனம் வரவில்லை. தந்தி கொடுத்தேன். ஒரே வார்த்தை: தூக்கினான்.

இனிக் கேட்ட தம்பிக்கு. 2,900 கிலோமீட்டர், நான்கு மணி நேரம் என்ற கணக்கு அன்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். அன்று சிங்கப்பூர் மணி நமக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இருந்தது, இப்போது இரண்டரை. அதனால் காலை பத்துக்குக் கிளம்பினால் அங்கே இறங்கும்போது மாலை நாலரை. அழைத்துப் போக வருகிறவரிடம் அந்த ஊர் நேரத்தைச் சொல்லுங்கள். பறக்கும் நேரத்தைக் கூட்டிக் கணக்குப் போட்டுச் சொல்லாதீர்கள். யாருக்காவது முக்கியமான பொருள் கொண்டு போனால் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். என் துண்டு பெட்டியின் அடியில் இருந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் கடிகாரத்தைத் திருகினால் ஏன் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

அண்ணன் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. தை மாதம் ஊர் திரும்பினான். விமானத்துக்குக் காசு ஏது, கப்பலில்தான், ஏழு நாள். மதியம் மூன்று மணிக்குக் கப்பல் வரும் என்று துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அங்கே வேலை பார்த்த நைனாவுக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, காலை ஆறு மணியிலிருந்தே துறைமுக வாசலில் நின்றாராம். "மணிய நம்பி ஒரு வாட்டி ஏமாந்தது போதும்" என்று ஜோசப் அண்ணனிடம் சொன்னாராம்.